கேள்வி – பதில்: ஊருக்கே தெரிந்த பகா எண்ணை நம்பலாமா?

கேள்வி: மேடம், இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு சாட் ஆப் செய்கிறோம். இரண்டு போன்களும் டிஃபி–ஹெல்மன் முறையில் ரகசியச் சாவி உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய பகா எண் தேவை. ஒரு சின்ன லைப்ரரி கிடைத்தது. எத்தனை பிட் என்று சொன்னால் ஒரு 'சேஃப் ப்ரைம்' (ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினாலும் பகா எண்ணே வரும் பகா எண்) எடுத்துத் தரும், அதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. கேட்பவர் எல்லோருக்கும் அதே எண்தான். உலகத்துக்கே தெரிந்த எண்ணில் என்ன ரகசியம் இருக்க முடியும்? எங்கள் கைடு "அதெல்லாம் கூடவே கூடாது" என்கிறார்.
— பொறியியல் மாணவி, கோவை

பதில்: உங்கள் கைடு ஆர்எஸ்ஏ என்ற இன்னொரு மறையாக்க முறையை மனதில் வைத்துச் சொல்கிறார். அதற்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டிஃபி–ஹெல்மனுக்கு அது பொருந்தாது. இரண்டிலும் பகா எண் வருவதால் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கோட் தணிக்கை என் தொழில். அனுபவசாலிகளிடமும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன்.

ஆர்எஸ்ஏ-வில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகையை மட்டும் வெளியே காட்டுகிறோம். பெருக்கிய எண்கள்தான் ரகசியம். அவற்றில் ஒன்று வேறொருவர் சாவியிலும் இருந்துவிட்டால் இருவர் கதையும் முடிந்தது. கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒருவர் வெளியிட்ட எண் 10403, இன்னொருவருடையது 10807. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 404. 10403-ஐ 404-ஆல் வகுத்தால் மீதி 303. 404-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி 101. 303-ஐ 101 மீதியின்றி வகுத்துவிடுகிறது. ஆக, பொதுவான பகா எண் 101; ஒருவருடைய மற்ற எண் 103, இன்னொருவருடையது 107. பள்ளிக்கூடத்து மீ.பொ.வ. கணக்கு போதும். 2012-இல் நாடியா ஹெனிங்கரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இணையத்திலுள்ள பொதுச்சாவிகளைத் திரட்டி இதே கணக்கைப் போட்டார்கள். இணைய இணைப்பைப் பூட்டும் டிஎல்எஸ் நெறிமுறையில் இயங்கும் சர்வர்களில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சிறு கருவிகள். ஆன் செய்த கையோடு, ரேண்டம் எண்கள் சரியாகச் சேருமுன்பே சாவி செய்துகொண்டவை.

டிஃபி–ஹெல்மனில் பகா எண் ஒரு களம், அவ்வளவுதான். அது வெளிப்படையாகவே கம்பியில் போகிறது. நீங்கள் ஒரு ரகசிய எண், உங்கள் தோழி ஒரு ரகசிய எண் என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடிஎண்ணுக்கு அதை அடுக்காகப் போட்டு, அந்தப் பகா எண்ணால் வகுத்த மீதியைப் பரிமாறிக்கொள்கிறீர்கள். மாவு மில் ஊருக்குப் பொது, அரைக்கக் கொண்டுபோகும் தானியம் அவரவருடையது என்ற மாதிரி. மீதியிலிருந்து அடுக்கைத் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் ஒரே எண்ணைத் தரும் லைப்ரரி என்பதில் குற்றமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த எண் எங்கிருந்து வந்தது?

லைப்ரரியின் சோர்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். 2048 பிட்டுக்கான எண் ஹெக்ஸில் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை 16 இலக்கங்களால் எழுதும் முறை) 512 இலக்கம் இருக்கும். முதல் 16 இலக்கமும் எஃப், கடைசி 16 இலக்கமும் எஃப், முதல் எஃப்-களை அடுத்து சி, 9, 0, எஃப், டி, ஏ, ஏ, 2 என்று போனால் அது 2003-இல் வெளியான ஆர்எஃப்சி 3526 என்ற இணையத் தர ஆவணத்தின் 14-ஆம் குழு. நோட் ஜேஎஸ்-இல் 'மோட்பி14' என்று கேட்டால் வருவதும் அதுவே. அந்த சி90எஃப்டிஏஏ2 என்பது வட்டத்தின் பை மதிப்பை இரும எண்ணில் எழுதினால் வரும் தொடக்கம். நடுவில் முழுக்க பை-யின் பிட்டுகள்தான். அப்படி வைத்து, அதோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போய், 124476 கூட்டியபோது தேவையான பகா எண் கிடைத்தது. ஆவணத்தில் சூத்திரமே அச்சிட்டிருக்கிறது: 2²⁰⁴⁸ − 2¹⁹⁸⁴ − 1 + 2⁶⁴ × ([2¹⁹¹⁸ × பை] + 124476). 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7919 இதே வேலையை 'இ' என்ற மாறிலியை வைத்துச் செய்தது. அங்கே கூட்டல் 560316.

எனக்கு இந்த 124476 மிகவும் பிடித்த எண். எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் தன் விருப்பத்துக்கு எதையும் நுழைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. பை-யை யாரும் தனக்குச் சாதகமாக வளைக்க முடியாது. நீங்களே பைத்தானில் நாலு வரி எழுதி, அதே எண் வருகிறதா என்று பார்த்துவிடலாம். ப்ராஜெக்ட் அறிக்கையில் அதையும் சேருங்கள், கைடுக்கும் பதிலாக இருக்கும்.

ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்பீர்கள். 2016-இல் ஃப்ரைட், கோட்ரி, ஹெனிங்கர், தோமே என்ற நால்வர், உள்ளே கள்ளவழி வைத்த ஒரு 1024 பிட் பகா எண்ணைத் தாங்களே செய்து, இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அதை உடைத்தும் காட்டினார்கள். பல்கலைக்கழகக் கணினிகள்தான் பயன்பட்டன. அந்த எண்ணை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பகா எண்ணா என்று சோதித்தால் பகா எண்தான். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5114-இன் 22, 23, 24-ஆம் குழு எண்கள் எந்த விதை எண்ணிலிருந்து (தேடலின் தொடக்க எண்) செய்யப்பட்டன என்பது வெளியிடப்படவில்லை. நம்பகம் குறைகிறது என்று இதையே காரணம் காட்டி 2017-இன் ஆர்எஃப்சி 8247 அவற்றைத் தள்ளிவைத்தது.

உங்கள் லைப்ரரியில் எண்ணுக்கு மேலே ஒரு வரியாவது விளக்கம் இருக்கிறதா? சூத்திரமோ, ஆவண எண்ணோ இருந்தால், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் வேண்டாம்.

கேள்வி: 23 'சேஃப் ப்ரைம்' என்கிறார்கள், 31 இல்லை என்கிறார்கள். பகா எண் என்றால் எல்லாம் பகா எண்தானே? எதிலிருந்து பாதுகாப்பு?
— கணித ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஒன்றைக் கழித்துப் பாருங்கள், ஐயா. 31-இல் ஒன்று போனால் 30, அது 2 × 3 × 5. 23-இல் ஒன்று போனால் 22, அது 2 × 11. பாதியான 11-உம் பகா எண்.

ரகசிய அடுக்கைத் தேடுபவனுக்கு 31-இல் 30 வாய்ப்புகள். ஆனால் அவன் முப்பதையும் முயல வேண்டியதில்லை. அடுக்கை 2-ஆல் வகுத்தால் என்ன மீதி, 3-ஆல் வகுத்தால் என்ன மீதி, 5-ஆல் வகுத்தால் என்ன மீதி என்று தனித்தனியாகக் கண்டுபிடித்து, சீன மீதித் தேற்றத்தால் ஒட்டிவிடலாம். 2 + 3 + 5, பத்தே முயற்சி. இதை 1978-இல் போலிக்கும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். 23-இல் அந்தப் பாச்சா பலிக்காது. 11 என்ற துண்டு உடையாமல் நிற்கிறது. நிஜப் பயன்பாட்டில் அந்தத் துண்டு 2047 பிட் நீளம் இருக்கும்.

அந்த 11-ஐப் போல, இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினாலும் பகா எண்ணே தருகிற பகா எண்களுக்கு சோஃபி ஜெர்மைன் பெயர் வைத்திருக்கிறார்கள். 1776-இல் பாரிஸில் பிறந்தவர். பெண் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று 'திரு. லெபிளாங்க்' என்ற பெயரில் லாக்ராஞ்சுக்கும் காஸுக்கும் கடிதம் எழுதினார். பிரெஞ்சுப் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தபோது, அவருக்கு ஆபத்து வரக் கூடாதே என்று தனக்குத் தெரிந்த தளபதியிடம் சொல்லி வைத்தார். அதில்தான் உண்மைப் பெயர் வெளிப்பட்டது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில், இப்படிப்பட்ட பகா எண் அடுக்குகளுக்கு 'முதல் வகை' எனப்படும் பகுதியை நிரூபித்தவர் அவர். மறையாக்கம் அவர் கனவிலும் வந்திருக்காது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், அவர் கதையைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்தப் பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

கேள்வி: எல்லோரும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியதால்தானே 2015-இல் டிஃபி–ஹெல்மனை உடைக்கும் 'லாக்ஜாம்' தாக்குதல் வந்தது? அதைப் படித்த பிறகு எங்கள் டீமில் ஒவ்வொரு சர்வருக்கும் 4096 பிட்டில் புது எண் செய்கிறோம். எண்ணைத் தேடும் ஓபன்எஸ்எஸ்எல் கருவி திரை முழுக்கப் புள்ளியாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, முடிகிற பாடில்லை. ஏதோ ஆப்ஷன் சேர்த்தால் நொடியில் முடியும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— சிஸ்டம் அட்மின், சென்னை

பதில்: முதலில் அந்தப் புள்ளிகள். 2048 பிட் அளவில் ஏறத்தாழ 1,420 எண்ணுக்கு ஒன்று பகா எண். சேஃப் ப்ரைம் என்றால் பாதி எண்ணும் பகா எண்ணாக அமைய வேண்டும்; ஹார்டி–லிட்டில்வுட் கணிப்பின்படி அது சுமார் 30 லட்சத்தில் ஒன்று. 4096 பிட்டுக்குப் போனால் சுமார் 1.2 கோடியில் ஒன்று. ஒவ்வொரு சோதனையும் ஏழெட்டு மடங்கு நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து முப்பது மடங்கு வேலை. இரட்டை எண்கள், 3-ஆல் வகுபடுபவை எல்லாம் சல்லடையிலேயே கழிந்துவிடும் என்றாலும் மிச்சம் நிறைய. உங்கள் சர்வரில் கோளாறு எதுவும் இல்லை.

நண்பர் சொல்வது 'டிஎஸ்ஏபாராம்' ஆப்ஷனாக இருக்கும். அது சீக்கிரம் முடிவதற்குக் காரணம், அது தேடுவது சேஃப் ப்ரைம் இல்லை. உங்கள் தேவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி லாக்ஜாம். 512 பிட் பகா எண் ஒன்றுக்கு ஒரு வாரம் முன்கணக்கு போட்டு வைத்துக்கொண்டால், பிறகு அந்த எண்ணைப் பயன்படுத்தும் எந்த இணைப்பையும் ஒரு நிமிடம் சொச்சத்தில் உடைக்கலாம் என்று காட்டினார்கள். 1024 பிட்டையும் ஒரு பெரிய அரசு இப்படி உடைக்கக்கூடும் என்று கணக்கிட்டார்கள். மிகப் பரவலாக இருந்த ஒரே ஒரு 1024 பிட் எண் உடைந்தால், முதல் பத்து லட்சம் ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் 18 சதவீதத்தை ஒட்டுக்கேட்கலாம். இரண்டாவது எண் உடைந்தால் விபிஎன் சர்வர்களில் 66 சதவீதம் போகும். ஆக, பொதுவாக இருந்தது ஆபத்தைப் பெருக்கியது உண்மை. ஆனால் வாசலைத் திறந்துவிட்டது எண் சிறியதாக இருந்ததுதான். 2048 பிட்டிலும் அதற்கு மேலும் அந்த முன்கணக்கையே இன்று யாராலும் போட முடியாது. அந்த ஆய்வாளர்களே சொன்ன தீர்வுகளில் ஒன்று 2048 பிட்டுக்குப் போவது.

சொந்த எண்ணில் வேறொரு ஆபத்து இருக்கிறது, அது பேசப்படுவதில்லை. எதிர்முனையில் இருக்கும் பிரவுசருக்கு உங்கள் எண் சரியானதா என்று சோதிக்க நேரமில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். சோகாட் என்ற கருவி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் கோடிலேயே எழுதி வைத்திருந்த 1024 பிட் எண் பகா எண்ணே இல்லை என்று 2016 பிப்ரவரி 1 அன்று அறிவிப்பு வந்தது. எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லாததால் கள்ளவழி இருக்கும் சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாது என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது. நொடிக்கும் குறைவான ஒரு சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தின் கோடிலும் 256 இலக்க ஹெக்ஸ் எண் ஒன்று மொட்டையாகக் கிடந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார், டீமில் ஒருவருக்கும் அதன் வரலாறு தெரியவில்லை. முதல் வரியிலேயே பை-யின் முகம் தெரிந்ததால் 1998-இல் வெளியான ஆர்எஃப்சி ஆவணத்தின் இரண்டாம் குழு என்று அடையாளம் சொல்ல முடிந்தது. 1024 பிட் என்பதால் மாற்றச் சொன்னேன்.

டிஎல்எஸ் 1.3 இந்த விவாதத்தையே முடித்துவிட்டது. 2018-இல் வந்த அந்த நெறிமுறை, டிஃபி–ஹெல்மனில் பெயர் சூட்டப்பட்ட பொதுக் குழுக்களை மட்டும்தான் ஏற்கிறது. நீங்கள் ராத்திரி முழுக்கச் செய்த எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஆர்எஃப்சி 7919-இன் 2048 அல்லது 3072 பிட் குழுவை வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எண்களின் பட்டியலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது: தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்-இன் அமைப்புக் கோப்புறையிலுள்ள 'மாடுலை' கோப்பு. ஒரு வரிக்கு ஏழு கட்டம். முதலில் எண் கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதியும் நேரமும். அடுத்து 2 என்றால் சேஃப் ப்ரைம். அடுத்து 6, அதாவது சல்லடைக்கு 2, பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்–ராபின் சோதனைக்கு 4, இரண்டும் நடந்தன என்று பொருள். அடுத்து 100, இத்தனை தடவை சோதித்தோம் என்ற கணக்கு. பிறகு பிட் அளவு, அடிஎண், கடைசியில்தான் அந்த நீண்ட எண். பகா எண்ணைத் தரும் எந்த லைப்ரரியும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இந்த அளவுக்காவது பதிவு வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தயாரிப்பில் பலர் சேர்ந்து போடும் த்ரெஷோல்டு கையெழுத்துக்கு ஆளுக்கு இரண்டு சேஃப் ப்ரைம் தேவை. போனில் தயாரிக்க நேரமாகிறது. முன்கூட்டியே செய்து வைத்து ஏபிஐ வழியே தரும் ஒரு சேவையைப் பயன்படுத்தலாம் என்கிறார் மேலாளர்.
— மென்பொருள் உருவாக்குநர், பெங்களூரு

பதில்: கூடாது. மேலே கோவை மாணவிக்குச் சொன்னது இங்கே தலைகீழ். உங்கள் எண்களைப் பெருக்கி, பெருக்குத்தொகையை மட்டும் வெளியிடுகிறீர்கள். எண்களை யார் செய்தாரோ அவர் கையில் உங்கள் சாவி இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் லாக் கோப்பு, பேக்கப், வேலையை விட்டுப் போன ஊழியர் என்று எத்தனை கைகள்! போனில் பின்னணியில் ஓடவிட்டு, பயனர் பதிவுப் படிவத்தை நிரப்பும் நேரத்திலேயே தேடத் தொடங்குங்கள். அல்லது சேஃப் ப்ரைம் தேவைப்படாத நெறிமுறைக்கு மாறுங்கள். லைப்ரரி தேட வேண்டுமானால் எண்ணை உங்கள் கருவியிலேயே செய்கிற லைப்ரரியைத் தேடுங்கள்.

கேள்வி: கான்பூர் ஐஐடியின் ஏகேஎஸ் முறை ஐயத்துக்கு இடமின்றிப் பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் என்று படித்தேன். லைப்ரரிகள் ஏன் இன்னும் 'அநேகமாகப் பகா எண்' என்று சொல்லும் மில்லர்–ராபினைக் கட்டிக்கொண்டு அழுகின்றன?
— வாசகர், மதுரை

பதில்: மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002 ஆகஸ்டில் அதை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எந்த யூகத்தையும் துணைக்கு வைக்காமல், பல்லுறுப்புக் கோவை நேரத்தில் (இலக்கம் கூடக் கூட நேரம் கட்டுக்கடங்கியே கூடும்) உறுதியான விடை தரும் முதல் வழி. கோட்பாட்டில் அது மகத்தானது. வேகத்தில் மில்லர்–ராபினுக்குப் பக்கத்தில் வராது. மில்லர்–ராபினில் ரேண்டமாக எடுத்த ஒவ்வொரு அடிஎண்ணும், பகு எண்ணை நான்கில் மூன்று பங்கு வாய்ப்பிலாவது பிடித்துவிடும். 64 முறை சோதித்தால் தப்பும் வாய்ப்பு 2¹²⁸-இல் ஒன்றுக்கும் கீழே.

'ரேண்டமாக' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், என் கவலை அங்கேதான். அடிஎண்கள் முன்பே தெரிந்தால், அவற்றுக்கு மட்டும் தப்பும்படி பகு எண்ணைச் செதுக்க முடியும். 307-க்குக் கீழ் உள்ள எல்லாப் பகா அடிஎண்களையும் ஏமாற்றும் 397 இலக்கப் பகு எண்ணை அர்னோ 1995-லேயே செய்து காட்டினார். 2018-இல் ஆல்பிரெக்ட், மாசிமோ, பேட்டர்சன், சொமொரோவ்ஸ்கி ஆகியோர் நாம் அன்றாடம் பயன்படுத்தும் லைப்ரரிகள் பலவற்றை இதே வழியில் ஏமாற்ற முடிந்தது என்று காட்டினார்கள். நீங்களே செய்த எண்ணைச் சோதிப்பது வேறு, அடுத்தவர் கொடுத்த எண்ணைச் சோதிப்பது வேறு.

கேள்வி: 2024-இல் கண்டுபிடித்த 4 கோடி இலக்கப் பகா எண்ணை மறையாக்கத்தில் பயன்படுத்தினால் யாராலும் உடைக்க முடியாது, சரிதானே?
— பள்ளி மாணவர், ஈரோடு

பதில்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, 4,10,24,320 இலக்கங்கள். ஆர்எஸ்ஏ-வுக்கு உதவாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. டிஃபி–ஹெல்மனுக்கு அளவு தாங்காது. போதாததற்கு, இவ்வளவு ஒழுங்கான வடிவமுள்ள எண்கள் அங்கே தாக்குபவனுக்குத்தான் வசதி. ஆனால் நீள்வட்ட வளைவு மறையாக்கத்தில் அந்த ஒழுங்கு நமக்கு லாபம். வகுத்தல் கணக்கு சீக்கிரம் முடியும். அதனால்தான் அங்கே 2⁵²¹ − 1 என்ற மெர்சென் எண்ணும் (இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்), 2²⁵⁵ − 19-உம் இருக்கின்றன. நீங்கள் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கும் இரண்டாவது எண்தான் களம்.

நேரம் இருந்தால் 2¹¹ − 1 = 2047-ஐக் காரணிப்படுத்திப் பாருங்கள். மேலே திருநெல்வேலி ஆசிரியருக்குச் சொன்ன 23 அதில் வந்து நிற்கும்.

கேள்வி: குவான்டம் கணினி வந்தால் இதெல்லாம் போய்விடும் என்கிறார்கள். பிறகு பகா எண்ணுக்கு வேலை இருக்குமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: போதிய அளவு பெரிய குவான்டம் கணினி வந்தால், 1994-இல் ஷோர் கண்ட வழிமுறை ஆர்எஸ்ஏ, டிஃபி–ஹெல்மன் இரண்டையும் உடைத்துவிடும். அதற்காகத்தான் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய தரங்களை வெளியிட்டது. அவற்றிலும் பகா எண் உண்டு, ஆனால் வேலை மாறிவிட்டது. சாவி பரிமாற்றத்துக்கான எம்எல்-கெம் பயன்படுத்துவது 3329. நாலே இலக்கம், ஒளிவுமறைவு எதுவுமில்லை. ஒன்றைக் கழித்தால் 3328, அது 13 × 256. அந்த 256 இருப்பதால் பல்லுறுப்புக் கோவைகளை வேகமாகப் பெருக்க முடிகிறது. இதன் முன்வடிவில் 7681 இருந்தது, பிறகு சிறியதாக்கினார்கள். கையெழுத்துக்கான எம்எல்-டிஎஸ்ஏ-வில் 8380417, அதாவது 2²³ − 2¹³ + 1. இந்த எண்களைக் கோடில் எழுதும்போது பக்கத்திலேயே '13 × 256 + 1' என்று ஒரு கமெண்ட் போட்டு வையுங்கள்; அடுத்துப் படிப்பவர் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்.